ஸ்டெம் செல், புற்றுச் செல்: ஆற்றலை எதைக் கொண்டு அளப்பது?

ஆய்வு மாணவர்களிடமிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் வந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் தோல் செல்களிலிருந்து ஐபிஎஸ் செல்களை (எந்த வகைச் செல்லாகவும் மாறும் திறனுக்கு மீட்டெடுத்த செல்கள்) உருவாக்கியிருக்கிறார். அவற்றின் ஆற்றல் வளர்சிதை மாற்றம் எப்படி மாறியது என்று காட்ட வேண்டும். இன்னொருவரிடம் இரத்தப் புற்று நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து பிரித்தெடுத்த சில ஆயிரம் செல்கள் மட்டுமே உள்ளன. மூன்றாமவர் மார்பகப் புற்றுச் செல் லைன் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல் வரிசை) ஒன்றில் ஒரு மருந்தைச் சோதிக்கிறார். சீஹார்ஸ் (செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வேகத்தை அளக்கும் கருவி) போதுமா, கார்பன்-13 (குறியிட்ட கார்பன் போகும் பாதையைப் பின்தொடரும் முறை) வரை போக வேண்டுமா, லாக்டேட் கிட் ஒன்றை வாங்கி முடித்துக்கொள்ளலாமா என்பதே மூவருக்கும் உள்ள குழப்பம்.

கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு பழைய தவற்றை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. ஓட்டோ வார்பர்க் 1920களில் பெர்லினில் கட்டித் துண்டுகளை வாயு அழுத்தம் அளக்கும் மானோமீட்டரில் வைத்து அளந்தபோது, ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் அவை குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்கி வெளியேற்றுவதைக் கண்டார். அளவீட்டில் பிழையில்லை. ஆனால் புற்றுச் செல்லின் சுவாசம் பழுதுபட்டிருப்பதே இதற்குக் காரணம் என்று அவர் 1956 வரை வலியுறுத்திய விளக்கம் பெரும்பாலான கட்டிகளுக்குப் பொருந்தவில்லை. சிட்னி வெய்ன்ஹவுஸ் அதே ஆண்டில் அதை மறுத்து எழுதினார். லாக்டேட் மிகுந்திருப்பதைக் கண்டதும் மைட்டோகாண்ட்ரியா முடங்கிவிட்டது என்று முடிவு கட்டும் இந்தத் தாவல் இன்றைய ஆய்வேடுகளிலும் அப்படியே தொடர்கிறது.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். செல் எடுத்துக்கொள்ளும் 100 குளுக்கோஸ் மூலக்கூறுகளில் 85 லாக்டேட்டாக வெளியேறுவதாகவும், மீதி 15 முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைவதாகவும் வைத்துக்கொள்வோம். லாக்டேட் வழியில் ஒரு குளுக்கோஸுக்கு நிகரமாக 2 ஏடிபி (செல் செலவிடும் ஆற்றல் மூலக்கூறு) என்ற கணக்கில் 170 கிடைக்கிறது. முழு ஆக்சிஜனேற்றத்தில் ஒரு குளுக்கோஸுக்கு ஏறத்தாழ 30 ஏடிபி என்ற கணக்கில் 450 கிடைக்கிறது. கார்பனின் பெரும்பகுதி லாக்டேட்டாகப் போனாலும், ஏடிபியின் பெரும்பகுதி சுவாசத்திலிருந்தே வருகிறது. அந்த 15இல் 5 மட்டுமே முழுமையாக எரிந்து, மீதி கொழுப்பாகவும் நியூக்ளியோடைடாகவும் மாறினால்கூட இரு வழிகளும் கிட்டத்தட்டச் சமமாக நிற்கும். ஆகவே "கார்பன் எங்கே போகிறது" என்பதும் "ஏடிபி எங்கிருந்து வருகிறது" என்பதும் இரு வேறு கேள்விகள். கீழே வரும் முறைகளில் எதுவும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் முழு விடை தருவதில்லை.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல் கேள்வியின் வகை. செல் இப்போது எந்த வேகத்தில் ஆக்சிஜனையும் குளுக்கோஸையும் பயன்படுத்துகிறது என்பது ஒன்று. நெருக்கினால் எவ்வளவு வேகம் வரை போக முடியும் என்ற திறன் மற்றொன்று. எந்தப் பாதை வழியாக எதுவாக மாறுகிறது என்பது மூன்றாவது.

இரண்டாவது, கையிலுள்ள செல்களின் எண்ணிக்கை. ஹீலா போன்ற புற்றுச் செல் லைன்களை வளர்ப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து இரத்த ஸ்டெம் செல்களைப் பிரிப்பவருக்கோ மற்ற எல்லா அளவுகோல்களையும் இது ஒன்றே தள்ளுபடி செய்துவிடும்.

மூன்றாவது, அளக்கும்போது செல் தன் இயல்பான நிலையில் இருக்கிறதா என்பது. எலும்பு மஜ்ஜையில் ஆக்சிஜன் சில விழுக்காடு மட்டுமே. சாதாரண இன்குபேட்டரில் அது 18 விழுக்காட்டுக்கும் மேல். இரத்தத்தில் குளுக்கோஸ் 5 மில்லிமோலார் அளவில் இருக்க, பலரும் பழக்கத்தால் பயன்படுத்தும் உயர் குளுக்கோஸ் டிஎம்இஎம் வளர்ப்பு ஊடகத்தில் அது 25 மில்லிமோலார். குளுக்கோஸ் மிகுந்தால் கட்டிச் செல்கள் சுவாசத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதை கிராப்ட்ரீ 1929இலேயே காட்டிவிட்டார். எனவே நாம் அளப்பது செல்லின் இயல்பா, நாம் ஊற்றிய ஊடகத்தின் இயல்பா என்ற ஐயம் எந்த முறையிலும் உடன் வரும்.

நான்காவது, கலப்புக் கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாடு தெரியுமா என்பது. கட்டியிலிருந்து எடுத்த மாதிரியில் புற்றுச் செல், இணைப்புத் திசுச் செல், நோயெதிர்ப்புச் செல் எல்லாம் கலந்திருக்கும். ஐந்தாவது செலவு. விலைப்பட்டியலில் இருப்பதையும் இல்லாததையும் அந்தந்தப் பகுதியில் சொல்கிறேன்.

| முறை | எதற்கு விடை தரும் | தேவைப்படும் செல்கள் | கலப்பைப் பிரிக்குமா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஊடகத்தில் குளுக்கோஸ், லாக்டேட் | சராசரி வேகம் | கிணற்றுக்கு (வளர்ப்புத் தட்டின் ஒரு குழிக்கு) சில பத்தாயிரம் | இல்லை | சீரம், ஆவியாதல் தரும் பிழை |
| சீஹார்ஸ் | வேகமும் திறனும் | கிணற்றுக்குச் சில பத்தாயிரம், பல கிணறுகள் | இல்லை | முன்சோதனைத் தட்டுகள், எண்ணிக்கைத் திருத்தம் |
| ஆக்சிஜன் மின்முனை | திறன், எந்தக் காம்ப்ளெக்ஸில் (மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியிலுள்ள புரதத் தொகுதி) குறை | மில்லியன் அளவில் | இல்லை | நேரம், கழுவல் |
| கார்பன்-13 தடமறிதல் | பாதை | பெரும்பாலும் மில்லியன் அளவில் | இல்லை | பகுப்பாய்வுக்கு ஆள், கருவி வரிசை |
| ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளப்பது) முறைகள் | சார்புநிலை, ஒப்பீடு | சில ஆயிரம் | ஆம் | சாயம் வெளியேற்றப்படுதல் |

## ஊடகத்தில் குளுக்கோஸும் லாக்டேட்டும் அளத்தல்

இது எளிய முறை என்பதால் பலர் இதை மதிப்பதில்லை. நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். செல்களை விதைத்து, 24 மணி நேரத்தில் ஊடகத்தில் குறைந்த குளுக்கோஸையும் கூடிய லாக்டேட்டையும் நொதி கிட் கொண்டு அளந்து, செல் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். ஒரு குளுக்கோஸ் அதிகபட்சம் இரண்டு லாக்டேட்டைத் தரும் என்பதால், விகிதம் 2ஐ நெருங்கினால் கார்பன் பெரும்பாலும் லாக்டேட்டாகிறது என்று பொருள். விகிதம் 2ஐத் தாண்டினால், குளுட்டமினோ, ஊடகத்தில் ஏற்கெனவே இருந்த பைருவேட்டோ லாக்டேட்டாகிறது, அல்லது அளவீட்டில் கோளாறு.

மறைந்த செலவுகள் சிறியவை, ஆனால் தொல்லை தருபவை. சீரத்திலேயே லாக்டேட் உண்டு. செல் இல்லாத கிணறுகளையும் அதே நேரம் இன்குபேட்டரில் வைத்து அவற்றின் அளவைக் கழிக்காவிட்டால் கணக்கு கெடும். தட்டின் ஓரக் கிணறுகளில் நீர் ஆவியாகி எல்லாச் செறிவுகளும் உயர்ந்து தோன்றும். 24 மணி நேரத்தில் செல்கள் இரட்டித்துவிட்டால் தொடக்க எண்ணிக்கையாலோ இறுதி எண்ணிக்கையாலோ வகுப்பது தவறு. வளர்ச்சி வளைகோட்டின் கீழுள்ள பரப்பால் வகுக்க வேண்டும். மைக்கோபிளாஸ்மா தொற்றிய செல்கள் குளுக்கோஸைத் தின்று அமிலத்தைக் கூட்டும் என்பதால், அந்தச் சோதனையை முடிக்காமல் இங்குள்ள எந்த முறையையும் தொடங்கக் கூடாது.

செல் தாராளமாக இருக்கும்போதும், பல மருந்துகளையோ பல குளோன்களையோ வரிசைப்படுத்தும்போதும் இதுவே சிறந்தது. இதனுடன் சேர்த்துச் செய்யக்கூடிய மலிவான துணைச் சோதனை ஒன்று உண்டு. குளுக்கோஸுக்குப் பதில் காலக்டோஸ் உள்ள ஊடகத்தில் செல்கள் கிளைக்காலிசிஸை (குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே உடைக்கும் பாதை) மட்டும் நம்பி வாழ முடியாது. சுவாசத்தைச் சார்ந்தே ஆக வேண்டும். குளுக்கோஸில் தப்பிப் பிழைத்து காலக்டோஸில் மடிகின்றன என்றால் உங்கள் மருந்து மைட்டோகாண்ட்ரியாவைத் தொடுகிறது என்று சந்தேகிக்கலாம். சீஹார்ஸ் தட்டுகளுக்குப் பணம் கட்டும் முன் இதைச் செய்து பார்க்காதவர்களைக் கண்டால் எனக்குச் சற்று வருத்தமாகவே இருக்கும்.

## சீஹார்ஸ்

இன்று இத்துறையில் பெரும்பாலானோர் முதலில் நாடும் கருவி இது. தட்டிலுள்ள செல்களின் மேல் உணரிகள் இறங்கி, சில மைக்ரோலிட்டர் அளவுள்ள ஒரு சிறு அறையைத் தற்காலிகமாக உருவாக்குகின்றன. அந்த அறையில் ஆக்சிஜன் குறையும் வேகத்தையும் அமிலம் கூடும் வேகத்தையும் கருவி பதிகிறது. ஒலிகோமைசின் (ஏடிபி உற்பத்தியைத் தடுப்பது), எஃப்சிசிபி (சுவாசத்தை உச்சத்துக்குத் தள்ளுவது), ரோட்டினோனும் ஆன்டிமைசினும் (சுவாசத்தை நிறுத்துபவை) என்று அடுத்தடுத்துச் செலுத்தும்போது, ஏடிபிக்காக நடக்கும் சுவாசம், புரோட்டான் கசிவு, உச்சச் சுவாசம், மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே செலவாகும் ஆக்சிஜன் ஆகியவை ஒரே பிற்பகலில் கிடைத்துவிடுகின்றன. ஐபிஎஸ் செல்களை இதயத் தசைச் செல்களாக மாற்றும்போது சுவாசத் திறன் எந்த நாளிலிருந்து உயர்கிறது என்பது போன்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

இதன் மிகப் பெரிய பொறி அமில அளவுதான். ஊடகம் அமிலமாவது லாக்டேட்டுடன் வெளியேறும் புரோட்டானால் மட்டும் நிகழ்வதில்லை. சுவாசத்தில் பிறக்கும் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து பைகார்பனேட்டாகும்போதும் புரோட்டான் வெளிப்படுகிறது. ஒரு குளுக்கோஸ் முழுமையாக எரிந்தால் இப்படி 6 புரோட்டான்கள் வரும். இரண்டு லாக்டேட்டானால் 2 மட்டுமே. சுவாசம் மிகுந்த செல்லில் அமில அளவின் கணிசமான பங்கு கிளைக்காலிசிஸுக்குத் தொடர்பில்லாதது என்பதை மார்ட்டின் பிராண்டின் குழு 2015இல் விரிவாகக் காட்டியது. ஆக்சிஜன் அளவைக் கொண்டு இந்தப் பங்கைக் கழிக்கும் கணக்கு இப்போது மென்பொருளிலேயே உள்ளது. இருந்தும் கழிக்காத எண்ணையே "கிளைக்காலிசிஸ்" என்று பெயரிட்டு அச்சேற்றுவது நின்றபாடில்லை.

ஐபிஎஸ் உள்ளிட்ட மனிதப் பன்திறன் ஸ்டெம் செல்களுக்கு இங்கே தனிச் சிக்கல் உண்டு. அவை கூட்டங்களாக வளர்பவை. தனித்தனியாகப் பிரித்தால் பெருமளவு இறந்துவிடும் என்பதால் ராக் தடுப்பான் சேர்த்தே விதைக்க வேண்டும், அதன் தாக்கம் தணியவும் அவகாசம் தர வேண்டும். கூட்டங்கள் சீராகப் பரவாதபோது, உணரியின் அடியில் எத்தனை செல் இருக்கிறது என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும். இதனால் அளவீடு முடிந்த பின் அதே தட்டில் உட்கருவைச் சாயமிட்டு எண்ணித் திருத்துவது கட்டாயமாகிறது. புரதத்தால் வகுப்பது ஸ்டெம் செல்லையும் அதிலிருந்து உருவான பெரிய செல்லையும் ஒப்பிடும்போது ஏமாற்றும். செல்லின் பருமனே மாறிவிட்டபின் எதனால் வகுத்தோம் என்பதைப் பொறுத்து முடிவு தலைகீழாகவும் ஆகலாம்.

எஃப்சிசிபியின் அளவை ஒவ்வொரு செல் வகைக்கும் தனியாகக் கண்டறிய வேண்டும். மிகுந்தால் அது சுவாசத்தையே அடக்கி, திறனே இல்லாத செல் போலக் காட்டும். விதைக்கும் அடர்த்திக்கு ஒரு தட்டு, எஃப்சிசிபிக்கு ஒரு தட்டு, கை பழக ஒரு தட்டு என்று, முதல் உண்மையான தரவுக்கு முன்பே மூன்று தட்டுகள் செலவாகும். நிதி விண்ணப்பத்தில் இதை யாரும் எழுதுவதில்லை. அளவீட்டு ஊடகத்தில் பைகார்பனேட் இல்லை, இன்குபேட்டரில் கார்பன் டை ஆக்சைடு இல்லை, ஆக்சிஜனோ வெளிக்காற்றின் அளவில் இருக்கிறது. மஜ்ஜையின் ஆக்சிஜன் வறட்சியில் வாழும் செல்லை இப்படி வைத்து எடுத்த எண், அதன் வீட்டில் அது வாழும் விதத்தைச் சொல்லாது.

## ஆக்சிஜன் மின்முனை

லேலண்ட் கிளார்க் 1950களில் உருவாக்கிய மின்முனையின் வழிவந்த கருவிகள் இவை. இன்ஸ்ப்ருக் நகரத்து ஓரோபோரோஸ் இன்று பரவலாக அறியப்பட்டது. இரண்டு மில்லிலிட்டர் அறையில், மில்லிலிட்டருக்கு மில்லியன் அளவில் செல்களை மிதக்கவிட்டு அளக்கிறார்கள். சீஹார்ஸ் எளிதில் தராத இரண்டு வசதிகள் இதில் உண்டு. டிஜிடோனின் கொண்டு செல் சவ்வைத் துளையிட்டு, மாலேட், குளுட்டமேட், சக்சினேட் என்று எரிபொருளை ஒவ்வொன்றாக, விரும்பிய வரிசையில் கொடுத்து, காம்ப்ளெக்ஸ் 1இல் குறையா 2இல் குறையா என்று பிரித்தறியலாம். அறையின் ஆக்சிஜனை விரும்பிய அளவுக்குத் தாழ்த்தியும் அளக்கலாம்.

ஒரே நேரத்தில் இரண்டு மாதிரிகள்தான். ரோட்டினோன் போன்ற தடுப்பான்கள் அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எத்தனால் கழுவலில் அசட்டையாக இருந்தால் முந்தைய சோதனையின் நஞ்சு அடுத்ததைக் கெடுக்கும். தட்டில் ஒட்டி வளரும் செல்லை ட்ரிப்சின் கொண்டு பிய்த்தெடுக்க வேண்டியிருப்பதும் குறையே. மிதந்து வளரும் லுக்கீமியா செல் லைன்களுக்கும், குறை எந்தப் புள்ளியில் என்று துல்லியமாகக் கேட்பவர்களுக்கும் இது ஏற்றது. ஸ்டெம் செல் ஆய்வாளர்களில் பலருக்கு ஏற்றதன்று.

## கார்பன்-13 தடமறிதல்

பாதையைக் காட்டும் முறை இது ஒன்றே. ஆறு கார்பனும் கார்பன்-13 ஆன குளுக்கோஸைக் கொடுத்து, செல்லுக்குள் உருவான சேர்மங்களை நிறை நிறமாலைமானியில் பார்த்தால், சிட்ரேட்டில் இரண்டு கார்பன் குறிக்கப்பட்டிருந்தால் பைருவேட் டிஹைட்ரஜனேஸ் வழி என்றும், மூன்று என்றால் பைருவேட் கார்பாக்சிலேஸ் பங்கு இருக்கக்கூடும் என்றும் ஊகிக்கலாம். குறியிட்ட குளுட்டமினைக் கொடுத்தபோது ஐந்து கார்பன் குறிக்கப்பட்ட சிட்ரேட் கிடைத்ததால்தான், மைட்டோகாண்ட்ரியா குறையுள்ள புற்றுச் செல்களும் ஆக்சிஜன் குறைந்த சூழலில் வாழும் புற்றுச் செல்களும் கிரெப்ஸ் சுழற்சியின் ஒரு பகுதியைப் பின்னோக்கி ஓட்டிக் கொழுப்புக்கான கார்பனைத் திரட்டுகின்றன என்பது தெரியவந்தது. சீஹார்ஸ் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இதைக் காட்டியிருக்காது.

2015இல் இரு குழுக்கள் கண்டதும் இங்கே நினைவுகூரத் தக்கது: பெருகும் செல்லுக்குச் சுவாசம் தேவைப்படும் முக்கியக் காரணங்களுள் ஒன்று அஸ்பார்டேட் உற்பத்தி. ஏடிபியைக் கிளைக்காலிசிஸ் ஈடுகட்டிவிட்டாலும், நியூக்ளியோடைடு கட்ட அஸ்பார்டேட் வேண்டும். அதற்கு எலக்ட்ரான்களை ஏற்க ஆக்சிஜன் வேண்டும். ஆற்றலைக் குறித்த கேள்வி என்று தொடங்கியது கட்டுமானப் பொருளைக் குறித்த கேள்வியாக மாறும் இத்தகைய இடங்களில்தான் இந்த முறைக்குச் செலவிட்ட பணம் ஈடாகிறது. டாலஸில், அறுவை சிகிச்சைக்கு முன் நுரையீரல் புற்று நோயாளிகளின் இரத்தத்தில் குறியிட்ட குளுக்கோஸைச் செலுத்தி, 2016இல் வெளியிட்ட ஆய்வு, அந்தக் கட்டிகளில் கிளைக்காலிசிஸும் குளுக்கோஸ் ஆக்சிஜனேற்றமும் இரண்டுமே அருகிலுள்ள நுரையீரலைவிட உயர்ந்திருப்பதைக் காட்டியது. வார்பர்க்கின் விளக்கத்துக்கு நோயாளியின் உடலுக்குள்ளிருந்தே கிடைத்த மறுமொழி என்று இதை எண்ணுகிறேன்.

குறியிட்ட குளுக்கோஸின் விலை எல்லோருக்கும் தெரியும். தெரியாதவை வேறு: சாதாரணச் சீரத்தில் குறியிடாத குளுக்கோஸ் இருப்பதால் டயாலிசிஸ் செய்த சீரம் வேண்டும், அதில் சில செல்கள் வேறுவிதமாக வளரும். வளர்சிதை மாற்றத்தை நொடிகளில் நிறுத்த வேண்டும். நிதானமாக உப்புக் கரைசலில் கழுவிக்கொண்டிருந்தால் ஏடிபி அளவே மாறிவிடும். இயற்கையில் 1.1 விழுக்காடு கார்பன்-13 இருப்பதைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். கிளைக்காலிசிஸ் சேர்மங்களில் குறி நிமிடங்களில் நிலைபெறும், கிரெப்ஸ் சுழற்சியில் மணிக்கணக்காகும். ஒரே நேரப் புள்ளியை எடுத்து இரண்டையும் ஒப்பிடுவது பயனற்றது. குறியின் விழுக்காடு கூடியது என்பதாலேயே பாய்வு (பாதை வழியே கார்பன் ஓடும் வேகம்) கூடியதாகாது என்பதைப் புரிந்துகொள்ளவே ஒரு மாணவருக்கு ஓர் அரையாண்டு போய்விடும். அந்த அரையாண்டின் சம்பளம்தான் இதன் உண்மையான விலை.

அரிய ஸ்டெம் செல்களுக்கு இது இன்னமும் எட்டாத தூரத்திலேயே இருக்கிறது. 10,000 இரத்த ஸ்டெம் செல்களைக் குளிரிலேயே பிரித்து வளர்சிதைப் பொருட்களை அளந்து, அவற்றில் அஸ்கார்பேட் மிகுந்திருப்பதை 2017இல் ஒரு குழு கண்டது. அதுவும் சேர்மங்களின் இருப்பு அளவுதான், பாய்வு அன்று.

## ஃப்ளோ சைட்டோமெட்ரி முறைகள்

செல் குறைவாகவும் கலப்பாகவும் இருக்கும்போது இங்கேதான் வந்து சேர வேண்டும். டிஎம்ஆர்எம் போன்ற சாயங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு மின்னழுத்தத்துக்கு ஏற்பக் குவிந்து ஒளிரும். மேற்பரப்புக் குறியீடுகளோடு சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு செல் வகையையும் தனித்தனியே அளக்கலாம்.

இதன் பொறியை ஸ்டெம் செல் துறை கடினமான வழியில் கற்றுக்கொண்டது. இரத்த ஸ்டெம் செல்களில் மைட்டோட்ராக்கர் கிரீன் சாயம் மங்கலாக இருந்ததை வைத்து, அவற்றில் மைட்டோகாண்ட்ரியா குறைவு என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. அந்தச் செல்கள் சாயத்தை வெளியே தள்ளும் பம்புகளை மிகுதியாகக் கொண்டவை. பம்பை அடைத்து அளந்தால் மைட்டோகாண்ட்ரியா குறைவாக இல்லை என்று கொலம்பியா பல்கலைக்கழகக் குழுவொன்று 2017இல் காட்டியது. மருந்தெதிர்ப்புப் புற்றுச் செல்களிலும் அதே வகைப் பம்புகள் உண்டு. ஆகவே வெராபமில் போன்ற தடுப்பானைச் சேர்த்த கட்டுப்பாடு இல்லாத சாயப் படத்தை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் ஏற்பதில்லை.

மார்சேய் நகரக் குழுவொன்று 2020இல் வெளியிட்ட சீனித் முறை இதைச் சுற்றிப் போகிறது. செல் தன் ஏடிபியில் பெரும்பங்கைப் புரத உற்பத்திக்குச் செலவிடுகிறது. புதிதாக உருவாகும் புரதத்தில் பியூரோமைசின் சேருவதை எதிர்பொருளால் அளந்து, கிளைக்காலிசிஸையும் சுவாசத்தையும் மாறி மாறித் தடுத்தால், எதைத் தடுக்கும்போது புரத உற்பத்தி சரிகிறது என்பதிலிருந்து செல்லின் சார்புநிலை தெரிகிறது. சில ஆயிரம் செல் போதும், ஒவ்வொரு செல் வகைக்கும் தனி விடை கிடைக்கும். இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். மரபணுவை அடக்கப் பயன்படுத்திய லென்டிவைரஸில் பியூரோமைசின் எதிர்ப்பு மரபணு இருந்தால், அந்தச் செல்களில் முறை வேலை செய்யாது; அவை பியூரோமைசினைச் செயலிழக்கச் செய்துவிடும். இரத்த ஸ்டெம் செல்களின் புரத உற்பத்தி இயல்பிலேயே தாழ்ந்தது என்பதால், தடுப்பானால் வரும் வீழ்ச்சியைப் பிரித்தறியும் இடைவெளியும் அவற்றில் குறுகியது.

## யாருக்கு எது

ஐபிஎஸ் செல்களை வைத்திருப்பவர் லாக்டேட் கிட்டில் தொடங்கி சீஹார்ஸுக்குப் போகலாம்; செல் எண்ணிக்கைத் திருத்தத்தை முதல் நாளிலேயே திட்டமிட வேண்டும். "ஸ்டெம் செல் என்றால் கிளைக்காலிசிஸ்" என்ற எதிர்பார்ப்போடு போக வேண்டாம். எலியின் நாய்வ் (ஆரம்ப) நிலைக் கருநிலை ஸ்டெம் செல்கள் சுவாசத்தையும் நன்கு பயன்படுத்துபவை. மனிதச் செல்கள் வழக்கமாக வளர்க்கப்படும் பிரைம்டு (வேறு செல்லாக மாறத் தயாரான) நிலையில் கிளைக்காலிசிஸே மேலோங்கியிருக்கும்.

மார்பகப் புற்றுச் செல் லைனில் மருந்தைச் சோதிப்பவருக்கு காலக்டோஸ் சோதனை, லாக்டேட், சீஹார்ஸ் என்ற வரிசை போதும். மருந்து ஒரு குறிப்பிட்ட நொதியைத் தாக்குகிறது என்று சொல்ல வேண்டிய நாளில் மட்டும் கார்பன்-13க்குப் போகட்டும். கருவியைச் சொந்தமாக வாங்குவதைவிட, வளர்சிதைப் பகுப்பாய்வில் பழுத்த ஆய்வகத்தோடு கூட்டுச் சேருவது எல்லா வகையிலும் மலிவு. அதற்கு முன் உயர் குளுக்கோஸ் ஊடகத்தை விட்டு, மனிதப் பிளாஸ்மாவை ஒத்த ஊடகம் ஒன்றில் முதல் சோதனைகளை ஒருமுறை திரும்பச் செய்வது நல்லது. அத்தகைய ஊடகத்திலுள்ள யூரிக் அமிலம் பிரிமிடின் உற்பத்தி நொதியைத் தடுத்து, 5-ஃப்ளூரோயூராசில் என்ற புற்று மருந்துக்குச் செல் காட்டும் எதிர்வினையையே மாற்றுவது 2017இல் தெரியவந்தது.

சில ஆயிரம் லுக்கீமியா செல்களை வைத்திருப்பவருக்குத் தேர்வு ஏற்கெனவே முடிந்துவிட்டது: சீனித் முறையும், பம்புத் தடுப்பானோடு டிஎம்ஆர்எம்மும். லுக்கீமியா ஸ்டெம் செல்கள் சுவாசத்தைச் சார்ந்திருப்பதாக 2013 முதல் வந்த சான்றுகள் அவர் கேள்வியை முக்கியமாக்குகின்றன. அதே நேரம், காம்ப்ளெக்ஸ் 1ஐத் தடுக்கும் ஐஏசிஎஸ்-010759 மருந்தின் மனிதச் சோதனைகள் நரம்பு நச்சுத்தன்மையும் லாக்டேட் உயர்வும் கண்டு நிறுத்தப்பட்டதையும் மறக்க இயலாது. ஆகவே அவர் தன் சோதனையில் நோயாளியின் புற்றுச் செல்லோடு நிறுத்தாமல், அதே மாதிரியிலுள்ள இயல்பான இரத்த முன்னோடிச் செல்களையும் டி செல்களையும் அதே குழாயில் குறியிட்டு, அவை சுவாசத்தை எவ்வளவு சார்ந்திருக்கின்றன என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் அதற்குத் தேவைப்படுவது கூடுதலாக இரண்டு மூன்று எதிர்பொருள்கள் மட்டுமே.